ஆக்சிஜன் டீச்சரும் திரும்பிய நீரோட்டமும்

தண்ணீர் லாரி வந்தால் தெருவே எழுந்து நிற்கும் எங்கள் அருப்புக்கோட்டைப் பக்கத்தில், தண்ணீருக்கு அடியில் போய் உட்காருவதற்கென்றே பிறந்த ஒரே ஜீவன் ஆக்சிஜன் டீச்சர்தான். நான் தமிழ் நடத்தும் பள்ளியில் அவர் பி.டி. டீச்சராக இருந்தார். முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலில் முங்குவது அவருக்கு ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம். "அதுல ஆக்சிஜன் இல்ல, சாதாக் காத்துதான்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சண்டை போட்டதில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

கடலுக்குப் போக முடியாத வாரங்களில், நரிக்குடி பக்கம் தன் கணவரின் தோட்டத்துக் கிணற்றில் பயிற்சி. ஒருமுறை குமிழி வருவதைப் பார்த்த ஆடு மேய்க்கிறவர், "யாரோ கெணத்துல விழுந்துட்டாக!" என்று கத்த, ஊரே திரண்டு தீயணைப்பு வண்டியும் வந்துவிட்டது. மேலே வந்த டீச்சர், "யாரு விழுந்தது? நகருங்க, நான் பாக்குறேன்" என்று மறுபடி முங்கி, தன்னைத்தானே தேடிவிட்டு வந்தார்.

அவர் இழுத்த இழுப்பில் நானும் பாண்டிச்சேரி போய் முங்கக் கற்றுக்கொண்டேன். பிறகு ஒரு ஞாயிறு, என்னையும் தன் கணவரையும் காரில் ஏற்றிக்கொண்டு ராமநாதபுரம் தாண்டி ஒரு கரைக்குப் போனார். அங்கே கடல் ஏறும்போதும் இறங்கும்போதும் தண்ணீர் ஆறு மாதிரி ஓடும். நடுவில் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கும். அதற்குள் முங்கிவிட்டுக் கரையேறிவிட வேண்டும்.

"கடலுக்கு இது இன்டர்வெல்லு, தாயி. மணி அடிக்கிறதுக்குள்ள வந்துரணும்."

நீச்சல் தெரியாத கணவர் கரையில் நின்றார். நாங்கள் நடந்தே இறங்கினோம். அடியில் கடல்புல் நிமிர்ந்து நின்றது. டீச்சர் ஒரு கடல்குதிரையைக் கண்டு அதன் எதிரே மண்டியிட்டுவிட்டார். சட்டென்று புல் முழுவதும் ஒரே பக்கமாகப் படுத்தது. கடல் மணியை முன்கூட்டியே அடித்துவிட்டது.

பாறையைப் பிடித்தோம், கை வழுக்கியது. மேலே போகலாம் என்று டீச்சர் கட்டைவிரலைக் காட்டினார். மெதுவாக மேலே வந்து பார்த்தால், கரை பஸ்ஸு மாதிரி எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தது.

நான் வெறி பிடித்தவளாகக் கரையை நோக்கி உதைத்தேன். டீச்சர் என் சிலிண்டர் வாரைப் பிடித்து இழுத்தார்.

"எதுத்து நீந்தாத! மெதக்குற சட்டைக்குக் காத்தடி. என் கையப் புடி. குறுக்கால போவோம்."

ஆரஞ்சு நிறக் காற்றுக்குழாய் ஒன்றை ஊதி உயரே பிடித்தார். அதைப் பார்த்துக் கணவர் வேட்டியை மடித்துக்கட்டிக் கரையோரமாக ஓட ஆரம்பித்தார். எனக்குப் பல் கிடுகிடுத்தது.

"தாயி, அருப்புக்கோட்டையிலருந்து நரிக்குடி பஸ்ஸுல வர்ற ஊரையெல்லாம் சொல்லு."

"அருப்புக்கோட்டை... திருச்சுழி..."

"நடுவுல ஒரு ஸ்டாப்பையும் காணோம்? பஸ்ஸு பறந்தா போச்சு? முதல்லருந்து சொல்லு!"

சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன். முன்னால் கரையிலிருந்து ஒரு பழைய கல் தடுப்புச் சுவர் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டினால் வெறும் கடல்தான். டீச்சர் சுவரையும் கடலையும் மாறி மாறிப் பார்த்தார். என் கையைப் பிடித்திருந்த அவர் விரல்கள் எலும்பு நோக இறுகின. அவருக்கும் பயம் என்று தெரிந்தபோதுதான் எனக்கு உயிரே போனது.

"இப்ப உதை!" என்றார்.

உதைத்தோம். தடுப்புச் சுவரின் முனையை உரசிக்கொண்டு அதன் மறைவுக்குள் விழுந்தோம். அங்கே தண்ணீர் குளம் மாதிரி கிடந்தது. கணவர் நெஞ்சளவுத் தண்ணீரில் வெறும் டவுசரோடு நின்று, கழற்றிய வேட்டியைக் கயிறு மாதிரி வீசினார்.

"புடிங்க டீச்சர்! புடிங்க!" மனைவியை அவரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

"நீங்க ஏன் இம்புட்டுத் தூரம் எறங்குனீக? நீச்சல் தெரியுமா?" என்று அதட்டினார் டீச்சர். கரையேறியதும் கணவர் தோளில் சாய்ந்து விம்மி விம்மி அழுதார்.

இப்போது டீச்சர் தூத்துக்குடியில் இருக்கிறார். கடலை விடவில்லை. முங்கும் ஞாயிறுகளில் என் போனுக்கு "எறங்குறேன்" என்று ஒரு வார்த்தை வரும். "ஏறிட்டேன்" என்று அடுத்தது வரும்வரை நான் சோற்றில் கை வைப்பதில்லை.