சகலைக்குப் பயந்து பருத்தி போட்டவர்

இனி இந்த ஜென்மத்தில் சகலை வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று கண்ணாடிக்காரர் முடிவெடுத்தது குளியலறையில், தலை நிறைய சோப்பு நுரையோடு நின்றபோது. பெரிய முடிவுகளை எல்லாம் அவர் அங்கேதான் எடுப்பார். வீட்டில் அவர் இஷ்டத்துக்குத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளக்கூடிய அறை அது ஒன்றுதான்.

கடைத்தெருவில் மூக்குக் கண்ணாடி பொருத்தித் தரும் கடையில் அவருக்கு வேலை. ஊரில் பாதிப் பேருக்கு அவர் தயவில்தான் கண் தெரிகிறது. மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளுக்குக் கண்ணாடியே தேவைப்பட்டதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பதும் தெரியும். புருஷன் மனசுக்குள் நடப்பது அதைவிட நன்றாகத் தெரியும்.

பள்ளிக்கூடம் நீண்ட விடுமுறைக்கு மூடியதும் டீச்சர் தன் அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள். பெட்டி, பை, புருஷன் மூன்றையும் மறக்காமல் எடுத்துக்கொண்டுதான் கிளம்புவாள். அக்கா தங்கமானவள். அக்கா புருஷன்தான் சிக்கல். லிஃப்ட் கம்பெனியில் மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தவரை லிஃப்டை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். இப்போது லிஃப்ட் இல்லாததால், எதிரில் உட்கார்ந்திருப்பவரை ஏற்றி இறக்குகிறார். தண்ணீர் குடித்தால் எப்படிக் குடிக்க வேண்டும் என்பார். செருப்பு மாட்டினால் எந்தக் காலை முதலில் நுழைக்க வேண்டும் என்பார். கண்ணாடிக்காரருக்கே கண்ணாடி துடைக்கக் கற்றுக்கொடுத்த புண்ணியவான் அவர். தப்பித்துப் போகலாம் என்று எழுந்தால், "உட்காருங்க சகலை, முக்கியமான கட்டத்துக்கு வந்துட்டேன்" என்பார். வந்த கட்டத்திலிருந்து அவர் நகர்ந்ததாகச் சரித்திரமே கிடையாது.

கண்ணாடிக்காரரும் சும்மா இருக்கவில்லை. ஒரு வருடம் வயிற்றுவலி என்று சுருண்டு படுத்தார். டீச்சர் கசப்பு மருந்தைப் புகட்டி, வண்டியில் ஏற்றிவிட்டாள். மறுவருடம் கடையில் லீவு தர மாட்டேன் என்கிறார்கள் என்றார். டீச்சர் நேரே கடை முதலாளியிடம் போய்ப் பேசி, கேட்டதற்கு மேலேயே லீவு வாங்கிக்கொண்டு வந்தாள். ஆகவே இந்த முறை அவருக்கு வேண்டியிருந்தது மருந்துக்கு அடங்காத, முதலாளி இல்லாத, கையோடு தூக்கிக்கொண்டு போகவும் முடியாத ஒரு காரணம்.

அது விதைக் கடையில் கிடைத்தது. கீரை விதை வாங்கப் போனவரிடம் கடைக்காரர் பேச்சுவாக்கில் பருத்தியைப் பற்றிச் சொன்னார். முளைத்து, பூத்து, காய்த்து, வெடிக்க ஏறக்குறைய அரை வருடம் ஆகுமாம். வெடிக்கத் தொடங்கிவிட்டால் ஆள் பக்கத்திலேயே இருந்து, வெடிக்க வெடிக்க எடுக்க வேண்டுமாம். விட்டால் மழையில் நனைந்து கறை பிடித்துவிடுமாம். கண்ணாடிக்காரர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். இன்றைக்கு விதைத்தால் சரியாக விடுமுறையில் வெடிக்கும். பருத்தி புடவையாகவே காய்த்துவிட்டது போலிருந்தது அவருக்கு.

விதைப் பொட்டலத்தைப் பார்த்ததும் டீச்சர் கேட்டாள்.

"வீட்டுல பருத்தியா? எதுக்குங்க?"

"தலையணைக்கு. கடையில வாங்கினது கல்லு மாதிரி இருக்கு. நம்ம தோட்டத்துப் பஞ்சுல உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு."

"தலைய வச்ச உடனே குறட்டை விடுற ஆளு. கல்லுன்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"உன் கழுத்தை நெனச்சுத்தான் சொல்றேன்."

டீச்சர் அவரை ஒரு பார்வை பார்த்தாள். வழிமுறை எழுதாமல் விடையை மட்டும் எழுதிக்கொண்டு வரும் பிள்ளையைப் பார்க்கிற பார்வை அது. பிறகு, "சரி, போடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். இத்தனை சுலபமாக அவள் எதற்கும் தலையாட்டியதே இல்லை. அந்த இடத்தில் மனிதர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷப்பட்டுவிட்டார்.

கொல்லையில் துவைக்கிற கல்லுக்கும் துணிக்கொடி கட்டிய கம்பத்துக்கும் நடுவே கிடந்த இடத்தைக் கொத்தினார். உள்ளங்கை கொப்புளித்தது. ஊறவைத்த விதைகளை ஊன்றினார். பருத்திக்கு உழுமுன்னே தம்பிக்கு எட்டு முழம் என்பார்கள். இவரோ விதை முளைக்குமுன்னே எதிர்வீட்டுக்குப் போய், ஓய்வு பெற்ற தபால்காரரோடு விடுமுறை முழுக்கக் கேரம் ஆடுவதாக ஒப்பந்தம் பேசி முடித்துவிட்டார். தபால்காரர் அன்றைக்கே பலகைக்குப் பவுடர் வாங்கி வைத்தார்.

செடி வளர வளர, கண்ணாடிக்காரருக்குத் தன் திட்டம் பாதி மறந்துபோனது. இலைக்கு அடியில் வெள்ளையாக மாவுப்பூச்சி அப்பியபோது, கடையிலிருந்து பூதக்கண்ணாடி கொண்டுவந்து, குனிந்த தலை நிமிராமல் ஒவ்வொன்றாகத் துடைத்து எடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வெயில் முதுகைச் சுடும்வரை தூங்குகிற மனிதர், விடியுமுன்னே பூவாளியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனார். முதல் பூ விரிந்த மறுநாள் டீச்சரைக் கைப்பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். முந்தின நாள் வெண்ணெய் நிறத்தில் இருந்த பூ, இளஞ்சிவப்பாக மாறியிருந்தது.

"நேத்து இது வெள்ளையாத்தானே இருந்துச்சு?" என்றாள் டீச்சர்.

"முதல் நாள் அப்படித்தான். மறுநாள் வெக்கப்படும்."

"பரவாயில்ல. இந்த வீட்டுல அதுக்காவது வெக்கம் தெரியுதே."

ஆனாலும் அவள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்று, அந்தப் பூவின் இதழை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அன்றைக்குக் கண்ணாடிக்காரருக்கு ஒரு கணம் குற்ற உணர்ச்சி வந்தது. சகலையின் முகத்தை நினைத்துக்கொண்டார்; உணர்ச்சி போய்விட்டது.

காய்கள் திரண்டன. விடுமுறை நெருங்கியது. முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளக் கடையில் பழகினார். திரும்பின பக்கமெல்லாம் நிலைக்கண்ணாடி இருக்கிற இடம், சோகம் சீக்கிரமே படிந்தது. அதை அப்படியே கலையாமல் வீட்டுக்கு எடுத்து வந்து, இந்த வருஷம் தன்னால் வர முடியாது போலிருக்கிறது என்று மெல்ல ஆரம்பித்தார். தண்ணீர்தானே, எதிர்வீட்டுக்காரர் ஊற்ற மாட்டாரா என்று டீச்சர் கேட்டாள்.

"தண்ணி யாரு வேணா ஊத்தலாம். வெடிக்கிறப்ப ஆள் வேணும். பச்சப்புள்ள மாதிரி இது. பச்சப்புள்ளய யாராவது தனியா விட்டுட்டுப் போவாங்களா?"

"அது சரிதான். அத்தான்கிட்ட என்னன்னு சொல்றது?"

"அவரைப் பாக்க முடியலையேன்னு எனக்கு ரொம்ப வருத்தம்னு சொல்லு."

"அப்படியே சொல்றேன்" என்றாள் டீச்சர். சொன்னபடியே சொல்லவும் செய்தாள். அன்று சாயங்காலம் அவள் அத்தானோடு போனில் பேசியது அடுப்படியிலிருந்து அவர் காதில் விழுந்தது. ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. இப்படி ஒரு உத்தமியைப் போய் ஏமாற்றுகிறோமே என்று அவருக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது.

கிளம்புகிற நாளில் அவரே பெட்டியைச் சுமந்துகொண்டு வாசலுக்கு வந்தார். வாய் ஏதோ பாட்டை முணுமுணுத்தது. எதிர்வீட்டு ஜன்னலில் தபால்காரர் கேரம் பலகையைத் துடைத்துக்கொண்டு தயாராக நின்றார். அப்போது ஒரு கார் வந்து நின்றது. பின்கதவு திறந்தது. முதலில் ஒரு பெரிய பெட்டி இறங்கியது. அடுத்து ஒரு மடக்கு நாற்காலி. கடைசியாகச் சகலை இறங்கினார்.

அக்கா இறங்கவில்லை. ஜன்னலோரமாக நகர்ந்து தங்கைக்கு இடம் விட்டாள்.

கண்ணாடிக்காரர் பெட்டியைக் கீழே வைக்கவும் மறந்து நின்றார். டீச்சர் அதை அவர் கையிலிருந்து வாங்கிக் காரில் வைத்தாள். தானும் அக்காவும் கடற்கரையில் அறை எடுத்திருப்பதாகவும், இருவரும் சேர்ந்து இப்படிப் போய்ப் பல காலம் ஆகிறது என்றும் சொன்னாள்.

"அத்தான்கிட்ட உங்க வருத்தத்தைச் சொன்னேன். மனுஷன் உருகிட்டார். பருத்தின்னதும், கூடவே இருந்து பாத்துக்கறேன்னு பொட்டியக் கட்டிட்டார்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"நீங்களுந்தான் எங்கிட்ட சொல்லல." டீச்சர் குரலைத் தாழ்த்தினாள். "விதை போட்ட அன்னிக்கே மாசத்தக் கூட்டிப் பாத்துட்டேங்க. விடை நேரா லீவுல வந்து நின்னுச்சு."

கார் போய்விட்டது. சகலை அதற்குள் கொல்லைப்புறத்தில் நாற்காலியை விரித்தாகிவிட்டது. தபால்காரர் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆசையாக வந்தார். கேரம் காயை எந்த விரலால் சுண்ட வேண்டும் என்று சகலை விளக்கத் தொடங்கினார். முக்கியமான கட்டம் வருவதற்குள் தபால்காரருக்கு அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வந்தது. அதன்பிறகு அந்த விடுமுறையில் அவர் வீட்டு ஜன்னல் திறக்கவே இல்லை.

கண்ணாடிக்காரர் இப்போது காய்களை நம்பினார். எல்லாம் வெடித்து முடிந்துவிட்டால் சகலைக்கு இங்கே என்ன வேலை? தினமும் ஒவ்வொரு காயாகத் தடவிக் கொடுத்து, சீக்கிரம் சீக்கிரம் என்று கெஞ்சினார். முதல் காய் வெடித்து வெள்ளை வெளேரென்று பஞ்சு எட்டிப் பார்த்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. காய் வெடித்த விதம் சரியில்லை என்று சகலை எடுத்துரைத்தார். ஒரு கூடை கூட நிறையவில்லை. ஆனால் கண்ணாடிக்காரர் நாள் தவறாமல் பறித்தார். சகலை இன்னொரு பக்கம் கிளையை நறுக்கினார், மண்ணைக் கிளறினார், தன் முறைப்படி உரம் வைத்தார். வைத்துக்கொண்டே, பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நடுவழியில் நின்ற கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னார்.

கடைசிக் காயும் வெடித்த அன்று கண்ணாடிக்காரர் பஞ்சைக் கையில் ஏந்திக்கொண்டு, ஒரு வழியாக முடிந்தது சகலை என்றார். சகலை சிரித்தார். அவர் தோளில் கை போட்டுச் செடிக்குப் பக்கத்தில் அழைத்துக்கொண்டு போனார். நறுக்கிவிட்ட கிளையெல்லாம் புதிதாகத் துளிர்த்து, துளிருக்குத் துளிர் மொட்டு வைத்திருந்தது.

"முடிஞ்சுதா? இனிமேத்தான் சகலை ஆரம்பமே. இது வெடிக்கிறதப் பாக்காம நான் நகரப் போறதில்ல."

கண்ணாடிக்காரர் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு டீச்சருக்குப் போன் செய்தார். தலையணையும் வேண்டாம், பருத்தியும் வேண்டாம், எல்லாம் சகலைக்குப் பயந்து செய்தது என்று ஒன்றுவிடாமல் ஒப்புக்கொண்டார். உடனே கிளம்பி வந்து சகலையை அழைத்துக்கொண்டு போகும்படி அக்காவிடம் கெஞ்சச் சொன்னார். அந்தப் பக்கம் அலைச் சத்தம் கேட்டது. டீச்சர் அக்காவிடம் ஏதோ கேட்டாள். அக்கா ஏதோ சொன்னாள். பிறகு டீச்சர் போனுக்கு வந்தாள்.

"ஸ்கூல் தொறக்குது, நான் நாளன்னைக்கு வந்துடறேங்க. அத்தானை நீங்களே வச்சுக்குவீங்களாம், அக்கா சொல்றா."