மாவுப்பூச்சி வதைப் படலம்

வாழ்க, மூக்குக்கண்ணாடி துலங்கும் முகத்தோன்! கூட்டலில் பிழையறியாக் கணக்கர்குலத் திலகம், மாடி முகப்பின் முடிசூடா மன்னர், மனைவி சொல் தட்டாத மாவீரர் வாழ்க!

தங்கையின் பேறுகாலத்துக்குத் துணையாகப் புறப்பட்ட மனைவி, "என் செம்பருத்தியைப் பாத்துக்கோங்க. இப்பதான் மொட்டு விட்டிருக்கு. மருந்து கிருந்து அடிச்சீங்க, அப்புறம் நடக்கிறதே வேற" என்று ஆணையிட்டுச் சென்றாள். எத்தனையோ செடிகளைப் பறிகொடுத்தபின் அவள் கண்ட முதல் மொட்டு அது. அவள் படியிறங்கிய மறுநாளே, கடல்கடந்து வந்த வெண்படையாம் மாவுப்பூச்சிச் சேனை, தண்டென்றும் தளிரென்றும் பாராது பாளையமிறங்கிச் சாறுறிஞ்சத் தொடங்கியது.

நஞ்சுக்கோ தடை. ஆகவே பகையைப் பகையால் முடிக்கத் துணிந்த அப்பெருந்தகை, நாற்றுப்பண்ணைக்காரரை நாடி, மாவுப்பூச்சியே உணவாகக் கொண்ட செந்தலைக் கருமேனிப் பொறிவண்டு வீரர்களை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் அழைத்துவந்து, "செல்க! தின்க! வெல்க!" என முழங்கிச் செடியில் ஏவினார். "விட்டப்புறம் கை வைக்காதீங்க சார், அதுங்க பாத்துக்கும்" என்று பண்ணைக்காரர் சொன்னதை மட்டும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நாட்கள் சென்றன. வெண்பகை மெலியக் கண்டு மீசை முறுக்கியவர், ஒரு காலைப்பொழுதில் திடுக்கிட்டார். அந்தோ! மாவுப்பூச்சியினும் பன்மடங்கு பருத்து, பஞ்சுச்சடை விரித்த வெள்ளை அரக்கர் கிளைதோறும் உலவினர். பகைவரின் தளபதிகள் அன்றோ இவர்! பழைய டூத்பிரஷை வாளென ஓங்கி, சோப்புநீர்க் குவளையைக் கேடயமெனத் தாங்கி, இலையிலையாகப் புரட்டி, ஒருவரும் எஞ்சாது வழித்தெடுத்து மூழ்கடித்து, வெற்றிக்களிப்பு தாளாமல் அக்குவளையைப் படமெடுத்துப் பண்ணைக்காரருக்கும் அனுப்பிவைத்தார்.

உடனே வந்தது மறுமொழி. "ஐயோ சார், அது வண்டோட குஞ்சு சார்! பாக்க மாவுப்பூச்சி மாதிரியேதான் இருக்கும். அதுங்கதான் பூச்சியை அதிகமா திங்கும்."

தன் படையைத் தானே கருவறுத்த தனிப்பெருந்தலைவர் அனுப்பிய படத்தை அழித்துவிட்டுக் குவளையைக் கழுவிக் கவிழ்த்தார். எதிர்ப்பாரற்ற வெண்சேனை முன்னினும் பெருகியது. மனைவி திரும்புவதற்குள் மொட்டு கருகி உதிர்ந்தது. பயணப்பையைக்கூடக் கீழே வைக்காமல் அவள் செடியையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"வெயில் ஜாஸ்தி, அதான்" என்றார்.