டிராமா யோகாவும் இரணியன் வேஷமும்

அரியலூர்,
ஞாயிறு.

பாடாலூரில் இருக்கும் அன்புள்ள மலர்கொடி அக்காவுக்கு, தம்பி காசிநாதன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் சிவரஞ்சனியும் சுகம். அங்கே நீயும் மாமாவும், மாமாவின் சர்க்கரையும் அளவோடு இருக்க வேண்டுகிறேன். போனில் சொன்னால் மாமா ஸ்பீக்கரில் போடச் சொல்வார், அதனால்தான் கடிதம். அவர் வெளியே போன நேரம் பார்த்துப் படிக்கவும்.

உன் மருமகள் தென்றல் என்னோடு பேசி இருபத்திரண்டு நாளாகிறது. நான் என்ன பெரிதாகச் சொல்லிவிட்டேன்? காலாண்டு மார்க்கைப் பார்த்த வேகத்தில், பெற்றோர் கூட்டத்தில், அத்தனை பேர் முன்னால், "உன்னப் பெத்ததுக்கு ரெண்டு கறவ மாடு வாங்கியிருக்கலாம்" என்றேன். எல்லா அப்பாவும் சொல்வதுதானே? அன்றிலிருந்து நான் தண்ணீர் கேட்டால்கூட தன் அம்மா சிவரஞ்சனியிடம் போய், "அவரு கேக்குறாரு" என்கிறாள். அப்பாவாக இருந்தவன் 'அவரு' ஆகிவிட்டேன் அக்கா. சோறு இறங்கவில்லை.

இந்த நேரத்தில்தான் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சீட்டு வந்தது. 'வளரிளம் பருவத்தினருக்கு டிராமா சார்ந்த யோகா. பெற்றோரும் பங்கேற்கலாம்.' எனக்கு உயிர் வந்தது. டிராமா என்றால் நம் குடும்பத்தை விட்டால் யார் இருக்கிறார்கள்? வேஷம் கட்டிப் போய் நின்றால் பிள்ளை சிரித்துவிடுவாள், பேசிவிடுவாள் என்று நினைத்துத்தான், மாமா திருவிழாவுக்குக் கட்டும் இரணியன் வேஷப் பெட்டியை 'சும்மா பாலீஷ் போட' என்று உன்னிடம் பொய் சொல்லி வாங்கி வந்தேன். நேற்று கிரீடம், கதாயுதம், மீசையோடு ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினேன். ஹாலில் முப்பது பிள்ளைகள் பாயில் கண்ணை மூடிப் படுத்திருந்தார்கள். திரை தூக்குவதற்கு முன்னால் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்து, கதாயுதத்தைத் தரையில் ஓங்கி அடித்து, "அடே பிரகலாதா! எங்கேடா உன் நாராயணன்?" என்று ஒரு குரல் கொடுத்தேன். பாதிப் பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் போய்விட்டார்கள். யோகா டீச்சர் ஹேமலதா மட்டும் அசரவில்லை. "யாரும் பயப்படாதீங்க, இது பாதுகாப்பான இடம். ஐயா, நீங்களும் படுங்க, மூச்சக் கவனிங்க" என்றார். அந்த மீசையோடு மூச்சை எங்கே கவனிப்பது, தும்மல்தான் வந்தது. "ஒடம்புல எங்க பாரமா இருக்கு?" என்று கேட்டார். தலையில் என்றேன், கிரீடம் மூன்று கிலோ. அப்போது பார்த்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் ஒரு மணி வெடி வைத்தார்கள். தினமும் வைப்பதுதான். ஆனால் கண்ணை மூடிப் படுத்திருந்தேனா, தூணைப் பிளந்துகொண்டு நரசிம்மரே வந்துவிட்டார் என்று டீச்சர் மேஜைக்கு அடியில் புகுந்துவிட்டேன். கிரீடம் மாட்டிக்கொண்டு வெளியே வர முடியவில்லை.

போன பிள்ளைகளைக் கூப்பிட்டு வட்டமாக உட்கார வைத்து, மனதில் முள்ளாகக் குத்துகிற ஒரு வார்த்தையைச் சொல்லச் சொன்னார் டீச்சர். தென்றலின் முறை வந்தது. "ரெண்டு கறவ மாடு" என்றாள். யாரும் சிரிக்கவில்லை அக்கா. நானும் வெளியே வர முயற்சிப்பதை விட்டுவிட்டு அங்கேயே இருந்துவிட்டேன்.

வீட்டுப் பேச்சை வெளியில் இழுக்கிற இந்த யோகா நமக்கு ஆகாது. நீ உடனே புறப்பட்டு வந்து தென்றலைப் பாடாலூருக்குக் கூட்டிப் போய்விடு. மீசையில் ஒரு பக்கத்தைக் காணவில்லை, மாமாவுக்குத் தெரிய வேண்டாம். அவருக்கு என் வணக்கத்தை, அவர் சாப்பிட்டு முடித்த பிறகு சொல்லவும்.

என்றும் உன் ஆசியை நம்பியிருக்கும் தம்பி,
காசிநாதன்

பி.கு: தபாலில் போடச் சொல்லி இதைத் தென்றல் மேஜையில் வைத்தேன். படித்துவிட்டு வந்து நின்றாள். "அது டிராமா இல்லப்பா, டிராமா. மனசுல பட்ட காயம்" என்றாள். காதில் கேட்ட வித்தியாசம் எழுத்தில் வரவில்லை, என்னைத் திட்டாதே. "காயமா? யாரு பண்ணது?" என்றேன். அவள் மூலையில் இருந்த கிரீடத்தைப் பார்த்தாள். "வேஷம் உங்களுக்குப் பொருத்தமாத்தான் இருந்துச்சு" என்றாள். மன்னிச்சிடும்மா என்று சொல்லிவிட்டேன் அக்கா. எப்படியோ 'அப்பா' என்று கூப்பிட்டாளே! நீ வர வேண்டாம். அடுத்த சனிக்கிழமையும் இரண்டு பேரும் போகிறோம். மாமாவிடம் நரசிம்மர் வேஷம் இருக்கிறதா என்று கேள். தென்றலுக்கு வேண்டுமாம்.