பதினேழு அங்குல அகம்பாவம்

முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன் நான். நடத்துகிறவனுக்குப் பாடம் தெரியும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். எனக்குத் தெரியவில்லை என்பது ஒரு சனிக்கிழமை காலையில், திருவொற்றியூரில், நாலு பேர் முன்னால் நிரூபணமானது.

என் மகன் ஆன்டோ அங்கே ஒரு கார்ப் பட்டறைக்காரரின் மகளை விரும்பினான். பெயர் ஸ்டெல்லா. அப்பாவும் மகளுமாகப் பட்டறையை நடத்தினார்கள். அப்பா இருதயராஜ் துறைமுகத்தில் கிரேன் பழுது பார்த்தவர். டைனோ என்று ஓர் இயந்திரம் வாங்கிப் போட்டிருந்தார். (காரின் முன்சக்கரங்களை இரும்பு உருளைகள் மேல் நிறுத்தி முழு வேகத்தில் ஓட்டுவார்கள். கார் நின்ற இடத்திலேயே அலறும். எத்தனை குதிரைத்திறன் என்று திரை சொல்லும்.)

எனக்கு அந்தச் சம்பந்தம் பிடிக்கவில்லை. காரணம் கேவலமானது: அவர் "இன்னா சார்" என்று பேசினார். இராயபுரத்திலேயே பிறந்து வளர்ந்தும் "என்ன" என்று முழுதாக உச்சரிப்பதில் எனக்கு அப்படியொரு பெருமை. அதை வெளியே சொல்ல முடியுமா? "தொழிலில் நம்பகமானவர்களா என்று பார்க்க வேண்டும்" என்று சொல்லி, என் பழைய காரை டியூனிங்குக்கு (கம்ப்யூட்டரை வைத்து எஞ்சின் திறனைக் கூட்டும் வேலை) விட்டேன். வேலைக்கு முன் அளந்ததில் எழுபது குதிரை. "வேலை முடிந்து இது கூடினால் கல்யாணம், இல்லையென்றால் இல்லை" என்று மகனிடம் அறிவித்தேன். (ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் குதிரைக் கணக்கில் தீர்மானித்த மகான் நான்.)

வேலை முடிந்தது. ஒரு வாரம் ஓட்டிவிட்டு வாருங்கள், அளந்துவிடலாம் என்றார்கள். அந்த வாரம் பார்த்து மழை. கொருக்குப்பேட்டையில் தெருத்தண்ணீர் காருக்குள் வந்து என் கணுக்காலை விசாரித்தது. நேராக ஒரு டயர் கடைக்குப் போனேன். "பதினேழு இஞ்ச் மாட்டு சார், வண்டி கப்பல் மாதிரி தூக்கினு நிக்கும்" என்றார் கடைக்காரர். பதினாலு அங்குலச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு மாட்டினேன். திருப்பங்களில் உரசியது. அந்தச் சத்தமும் கம்பீரமாகத்தான் பட்டது. பழைய சக்கரங்களில் இரண்டு டிக்கியிலேயே கிடந்தன.

சனிக்கிழமை மகனோடு போய் இறங்கினேன். என் காரைப் பார்த்ததும் இருதயராஜ் திகைத்தார்.

"இன்னா சார், இம்மாம் பெரிய சக்கரத்த மாட்டிகினு வந்துகீறீங்க? பழச மாட்டி ஓட்டிக்கலாம் சார், இதுல வந்து..."

"ஏன், பயமா?"

"பயம் இல்ல சார்..."

"காரணம் வேண்டாம். ஓட்டுங்கள்."

ஓட்டினார்கள். கார் அலறியது. திரையில் அறுபத்தொன்பது.

இங்கேதான் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. மகனின் முகம் செத்துப்போனதைக் கண்டும் மகிழ்ச்சியாகவே இருந்தது. வகுப்பறைக் குரலில் முழங்கினேன்: "இருந்த குதிரையிலும் ஒன்றைக் காணோம்! கம்ப்யூட்டரைக் காட்டி ஊரை ஏமாற்றுகிறீர்களா?"

முறைக்காகக் காத்திருந்த மீஞ்சூர்க்காரர் ஒருவர் மெல்ல எழுந்து, மேசைமேல் வைத்திருந்த தன் கார்ச் சாவியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

இருதயராஜ் கையைத் துடைத்தார். "சார், நான் கலீஜா பேசுவேன். கலீஜா வேல செய்யமாட்டேன்."

ஸ்டெல்லா ஜாக்கியைத் தள்ளிக்கொண்டு வந்து முன்சக்கரம் ஒன்றைக் கழற்றினாள். "அங்கிள், இதக் கொஞ்சம் தூக்குங்க."

தூக்கினேன். அதாவது, முயன்றேன். இடுப்புதான் பிடித்துக்கொண்டது. பிறகு டிக்கியிலிருந்த பழைய சக்கரத்தைக் கொடுத்தாள். அது எளிதாக எழுந்தது.

அப்போதுதான் எனக்கு வியர்த்தது. எடை கூடினால் சுழற்றுவது கடினம். அந்த எடை அச்சிலிருந்து தள்ளிப்போனால் இன்னும் கடினம். எஞ்சின் கொடுப்பதில் ஒரு பங்கைச் சக்கரத்தைச் சுழற்றவே செலவழிக்க வேண்டும். உருளைக்கு மிச்சம்தான் போய்ச் சேரும். நிலைமத் திருப்புத்திறன்! இரு கைகளிலும் செங்கல்லைப் பிடித்துக்கொண்டு, சுழல் நாற்காலியில் சுற்றிச் சுற்றி ஆண்டுதோறும் நான் நடத்திய பாடம்.

பழைய சக்கரங்களை மாட்டி ஓட்டினார்கள். எழுபத்தைந்து.

"எத்தினி வருசம் சார் வாத்தியாரா இருந்தீங்க?" என்றார் இருதயராஜ்.

"முப்பத்திரண்டு."

"பாவம் சார், பசங்க."

பட்டறையே சிரித்தது. என் மகன்தான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தான். நானோ வாசலைப் பார்த்தேன். மீஞ்சூர்க்காரர் காரில் ஏறிக்கொண்டிருந்தார். இடுப்பைப் பிடித்தபடி ஓடிப்போய் அவர் ஜன்னலைத் தட்டினேன்.

"ஐயா, போகாதீர்கள். தப்பு என்னுடையது. அவர் வேலை சுத்தம்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப அப்டி கத்துன? இப்ப இப்டி சொல்ற? யாரு நீ?"

"அவருடைய சம்பந்தி" என்றேன்.

வாயிலிருந்து வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் மூவரும் பின்னாலேயே நிற்கிறார்கள். அதற்குமேல் பெண் பார்க்கப் போக வேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

இன்றுவரை நான் எதில் குறை கண்டாலும் வீட்டில் ஒரே பதில்தான். குழம்பில் உப்பு கூடுதல் என்றால், "மாமா, டயர கழட்டிட்டு இன்னொரு தபா பாருங்க" என்பாள் ஸ்டெல்லா. என் மனைவிக்கும் அது தொற்றிவிட்டது. போன மாதம் மருத்துவமனையில் எடை பார்க்கும் கருவியில் ஏறினேன். நான்கு கிலோ கூடியிருந்தது. கருவியில்தான் கோளாறு என்றேன். மருமகள் என் காலைப் பார்த்தாள். மறுபேச்சில்லாமல் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறினேன். எண் அசையவில்லை.

"அப்ப இஞ்சின்லதான் மாமா கோளாறு" என்றாள்.