பதினெட்டுக் கிலோ முகம்

படம் வரையப் போன ஜீவராஜ், திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு முதுகில் கூடையோடு தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தான். அட்டை ஒன்று அவன் கணுக்காலில் நிதானமாகப் பசியாறிக்கொண்டிருந்தது.

"இது கொழுந்தா? மாடுகூட மோந்து பாத்துட்டுப் போயிரும்" என்றார் ஆண்டியப்பன் கங்காணி, கூடைக்குள் எட்டிப் பார்த்து. "ரெண்டு எலை ஒரு மொட்டுன்னா, நீ செடியையே பாதி கொண்டாந்திருக்க."

இத்தனைக்கும் காரணம் கொழும்பில் இருந்தது. அங்கே ஒரு கலைக்கூடத்தில் மலையக முகங்களுக்கென்று ஒரு கண்காட்சி. ஜீவராஜ் அனுப்பிய ஆறு படங்களையும் பார்த்துவிட்டு அதை நடத்தும் அம்மையார் போனில் சொன்னார்: "எல்லாமே போட்டோவைப் பார்த்து வரைஞ்சது. ஒருத்தரை முன்னால உட்கார வச்சு வரைஞ்ச படம் ஒண்ணு தாங்க, போதும். ஆனா வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்."

வட்டகொடைப் பக்கம் ஆட்டோக்களின் முதுகில் நடிகர் முகமும், சாவு வீடுகளுக்குக் கண்ணீர் அஞ்சலிப் பலகையும் எழுதி வந்தவனுக்கு, முப்பத்தாறு வயதில் முதல் தடவையாக வந்த வாய்ப்பு. மனைவி பிரியந்தி ஏற்கெனவே கெடு வைத்திருந்தாள்.

"இதுவும் சரிவரலேன்னா ஹட்டன்ல எங்கண்ணன் ஹார்ட்வெயார்ல போயி ஆணி நிறுத்துக் குடுங்க. அப்புறம் பிரஷ்ஷு கிரஷ்ஷுன்னு வாயத் தொறக்கக் கூடாது."

இருபத்தாறு வருடமாகக் கொழுந்தெடுக்கும் நாகலெட்சுமியின் முகம்தான் அவனுக்கு வேண்டியிருந்தது. அவள் உடனே ஒத்துக்கொண்டாள். ஆனால் ஒரு சிக்கல்.

"ஒக்கார்றேன் தம்பி. எம்பேரு விழுகணுமே? பதினெட்டுக் கிலோ இல்லாட்டி அரைப் பேருதான் போடுவாங்க, அரை நாள் சம்பளந்தான்."

"மலைய விட்டு எறங்குனதும் வந்து ஒக்காருங்களேன்?"

"அடுப்ப நீ பத்த வைக்கிறியா?"

கலைஞனுக்கு வரக்கூடாத ஆவேசம் அவனுக்கு வந்தது. "ஒங்க கொழுந்த நான் எடுக்கிறேன்க்கா!"

கங்காணியும் தடுக்கவில்லை. "யாரு எடுத்தா என்ன? கிலோ வந்தாச் சரி."

மதியம் ஆனபோதுதான் அவனுக்கு உறைத்தது. நாகலெட்சுமி கீழே, தொழிலாளர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவுக்குப் பக்கத்து அறையில் நாற்காலியில் இருக்கிறாள். அவன் மேலே மலையில் நிற்கிறான். அப்படியானால் படத்தை யார் வரைகிறார்கள்?

விழுந்தடித்துக் கீழே ஓடினான். காலையில் எப்படி உட்கார வைத்தானோ அப்படியே இருந்தாள்.

"ஆடல, அசையல தம்பி" என்றாள் பெருமையாக. "சரியா இருக்கா?"

அன்று மாலை நிறுவையில் அவன் கூடை ஆறு கிலோ காட்டியது.

செவ்வாய்க்கிழமை, அடுத்த நிரையில் கொழுந்தெடுக்கும் ஷாமிலா வழி சொன்னாள். "எனக்கும் ஒரு நா படம் வரைவீங்கன்னா, அக்காவோடதையும் சேத்து நானே எடுக்கிறேன் அண்ணே."

ஜீவராஜ் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டான். அன்றுதான் முதல் முறையாகத் தூரிகையில் சாயம் பட்டது. நாகலெட்சுமியின் கண்களை மட்டுமே பின்னேரம் வரை வரைந்தான். வெயிலுக்குச் சுருங்கிச் சுருங்கியே பழகிப்போன, ஓரத்தில் லேசாக மஞ்சள் பாய்ந்த கண்கள். வரைந்து முடித்ததும் இரண்டடி தள்ளி நின்று பார்த்தான். அவை திருப்பிப் பார்த்தன. தன்னால் இப்படியும் முடியுமா என்று அவனுக்கே அழுகை வந்தது.

ஆனால் ஷாமிலா இரண்டு பேருக்குமாக எடுத்தது இருபத்தொன்பது கிலோ. பாதிப் பாதியாகப் பிரித்ததில் இரண்டு பேருக்கும் அரைப் பேர்.

ஆகவே புதன்கிழமை ஷாமிலா உட்கார, அவளுக்கும் சேர்த்துக் கொழுந்தெடுக்க நாகலெட்சுமி மலைக்குப் போனாள். மாலையில் ஜீவராஜிடம் இரண்டு படங்கள் இருந்தன. நாகலெட்சுமிக்குக் கண் இருந்தது, வாய் இல்லை. ஷாமிலாவுக்கு வாய் இருந்தது, கண் இல்லை. அரைப் பேர் மட்டும் மறுபடியும் இருவருக்கும் இருந்தது.

இதைச் சரிசெய்ய அவன் மற்றப் பெண்களிடம் போனான். ஆளுக்கு இரண்டு கிலோ நாகலெட்சுமிக்காக எடுத்துக் கொடுத்தால், ஒவ்வொருவரையும் ஒருநாள் உட்கார வைத்து வரைவதாகச் சத்தியம் செய்தான்.

வியாழக்கிழமை காலை அறைக் கதவைத் தள்ளினான். கங்காணியின் ஆட்கள் பதினொரு பேரும் சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"ஐயோ, ஒவ்வொருத்தரா வரணும்க்கா!"

"நீ வரை தம்பி" என்றாள் மீனம்மா, காலை நீட்டிக்கொண்டு. "எங்களுக்கு ஒரு அவசரமும் இல்ல. காத்திருக்கோம்."

ஜீவராஜ் அந்த வரிசையைப் பார்த்தான். தலைமுறை தலைமுறையாக யாரும் நின்று பார்க்காத முகங்கள். தங்களை ஒரு தடவையாவது துணியில் பார்த்துவிட வேண்டுமென்று இவர்களுக்கு எத்தனை ஏக்கம்! இவ்வளவு காலமும் ஆட்டோ முதுகில் நடிகர்களை வரைந்துகொண்டிருந்த தன் கையை வெட்டிப் போட வேண்டும் என்று நினைத்தான்.

யன்னலுக்கு வெளியே பார்த்தான். மலையில் ஆண்டியப்பன் கங்காணி மட்டும் தனியாக நின்று, பழக்கதோஷத்தில் செடிகளைத் திட்டிக்கொண்டிருந்தார்.

அரை மணி நேரத்தில் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வந்தார். பார்த்தார். போனை எடுத்தார். பத்து நிமிடத்தில் தோட்ட மேலாளரான துரையின் ஜீப் வந்து நின்றது.

"மொகத மே?" என்றார் துரை சிங்களத்தில். என்ன இதெல்லாம் என்று அர்த்தம்.

"ஸ்ட்ரைக் சேர்" என்றார் கணக்கப்பிள்ளை.

"ஸ்ட்ரைக் இல்லீங்க, படம்!" என்று குறுக்கே பாய்ந்தான் ஜீவராஜ்.

"படங் காட்டுறாங்களாம் சேர்."

ஜீப்புக்குப் பின்னாலேயே தொழிற்சங்கத் தலைவர் ஆட்டோவில் வந்து குதித்தார். தனக்குத் தெரியாமல் ஒரு வேலைநிறுத்தமா என்ற கோபத்தில் வந்தவர், அறையைப் பார்த்ததும் குளிர்ந்துபோய், அதை அந்த இடத்திலேயே தன்னுடையதாக்கிக்கொண்டார்.

"கோரிக்கை என்னம்மா?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"சரி, மழைக்கு றப்பர் சீட்டுன்னு வைப்போம். எப்படியும் குடுக்க வேண்டியதுதான். போர்டு எழுதணுமே? ஆள் இங்கேயே இருக்கானே!"

அறையில் எழுதக்கூடியதாக இருந்தவை அந்த இரண்டு படத் துணிகள்தான். தலைவர் பெரிய துணியைத் தொட்டார்.

"தலைவரே, அதுல கண்ணு முடிஞ்சிருச்சு" என்று கெஞ்சினான் ஜீவராஜ்.

"வெள்ளைய அடிச்சா கண்ணு தெரியவா போகுது? பதினோரு பேரு வயித்துப் பாடு தம்பி இது. ஒன்னாலதான் ஆரம்பிச்சிருக்கு."

ஜீவராஜ் தூரிகையை எடுத்தான். தன் கையாலேயே நாகலெட்சுமியின் கண்களின் மேல் வெள்ளை பூசினான். முதலில் இடது கண் போனது, பிறகு வலது. காய்ந்ததும், 'றப்பர் சீட்டு உடனே வழங்கு!' என்று எழுதினான். எழுத்து முத்து முத்தாக இருப்பதாக எல்லோரும் சொன்னார்கள். துரைகூடத் தலையாட்டினார்.

மூன்று மணிக்குத் துரை சம்மதித்தார். வேலைநிறுத்தம் வெற்றியில் முடிந்தது. பெண்கள் முகம் வாடி, ஒவ்வொருவராக, மனசே இல்லாமல் எழுந்து போனார்கள். அந்த முகங்களை அவனால் பார்க்க முடியவில்லை.

கணக்கப்பிள்ளை மட்டும் பின்தங்கி நின்று சொன்னார்: "நாளைக்கு வந்து சாமான ஏத்திக்கிட்டுப் போயிரணும். அப்புறம் இந்த டிவிசன்ல ஒன்னயப் பாத்தேன்னா பொலிசுதான்."

கொழும்புக்குப் போன் செய்து இரண்டு வாரம் தவணை கேட்டான். கண்காட்சியில் அவனுக்கென்று ஒதுக்கியிருந்த சுவரை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டதாக அந்த அம்மையார் மிக மரியாதையாகச் சொன்னார். பிரியந்தி திங்கட்கிழமை ஹார்ட்வெயாருக்குப் போட்டுக்கொண்டு போக ஒரு சட்டையை எடுத்து அயர்ன் பண்ணி வைத்தாள். அவள் திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை சட்டகத்தையும் சாயப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தபோது, ரோட்டோரத்து நிரையில் மீனம்மா கூடையோடு நின்றாள். ஜீவராஜுக்கு நெஞ்சு வெடித்தது. வாய்ப்புப் போனது, பேர் போனது, அதெல்லாம் இருக்கட்டும். இவளுக்கு முறையே வராமல் போய்விட்டதே!

"அக்கா, மன்னிச்சிருங்க" என்றான், குரல் உடைந்து. "பதினோரு பேரு ஆசையையும் கெளப்பிவிட்டு, ஒருத்தர் படத்தையும் முடிக்காமப் போறேன். எத்தன ஆசையா வந்தீங்க! இந்தப் பாவம் என்ன சும்மா விடாது."

மீனம்மா கொழுந்து கிள்ளுவதை நிறுத்தாமலே, ஒன்றும் புரியாமல் அவனைப் பார்த்தாள்.

"படமா? அது யாருக்குத் தம்பி வேணும்? நாங்க ஒக்காரத்தானே வந்தோம்."