மேலாளருக்கு ஏற்ற பூதம்

மேலாளர் பூதத்தின் வாய்க்குள் தலையை விட்டார்.

"நல்லா யோசிச்சுதான் சொல்றீங்களா சார்?" என்று கேட்டார் தர ஆய்வாளர்.

"இதுல யோசிக்க என்னய்யா இருக்கு? வாய் திறந்துதானே இருக்கு? தலையை விட்டாச்சு."

விற்பனைக்காரர் தன் மந்திரவாதிப் பொம்மையை நாலு கட்டம் பின்னால் நகர்த்திக்கொண்டார். காசாளரம்மா தன் வில்லாளியை ஒரு தூணுக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டு, "நாங்க வேடிக்கை பார்க்கிறோம்" என்றார்.

பிளாஸ்டிக் நாற்காலி செய்கிற கம்பெனி அது. சனிக்கிழமை வேலை முடிந்ததும் மீட்டிங் அறையில் இந்த ஆட்டம் நடக்கும். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாக மாறிக் குகைக்குள் போவார்கள். அடி விழுந்ததா, தப்பியதா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். வீரர்கள் மேஜை மேல் எல்லாரும் பார்க்க உருட்டுவார்கள். கதை நடத்துகிறவர் மட்டும் ஓர் அட்டையை மடித்து எதிரே நிறுத்திக்கொண்டு, அதற்குப் பின்னால் பூதத்துக்காக உருட்டுவார். அங்கே என்ன விழுந்தது என்பது அவருக்கும் அவர் மனசாட்சிக்கும் மட்டும்தான் தெரியும்.

இங்கே கதை நடத்துகிறவர் தர ஆய்வாளர். எந்த நாற்காலி எத்தனை கிலோவில் முறியும் என்று சொல்வதுதான் கம்பெனியில் அவர் வேலை. பூதத்தையும் அதே கண்ணால்தான் எடைபோடுவார். விதிப் புத்தகத்தில் ஒவ்வொரு பூதத்துக்கும் ஒரு நிலை எண் போட்டிருக்கும். எந்த மாதிரி வீரர்கள் எந்த நிலைப் பூதத்தோடு மோதலாம் என்று கணக்கும் இருக்கும். நம்முடைய ஆள் அந்தக் கணக்கையே திருத்துகிற அளவுக்குத் தேறியவர். வீரர்கள் சாகவும் மாட்டார்கள், சும்மா ஜெயிக்கவும் மாட்டார்கள். வியர்த்து விறுவிறுத்து வெளியே வருவார்கள். அதில் அவருக்கு ஏகப்பட்ட கர்வம்.

அந்தக் கர்வத்தில்தான் அந்தச் சனிக்கிழமை மண் விழுந்தது. மேலாளர் யாரும் அழைக்காமலே அறைக்குள் வந்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "நானும் ஆடறேன்" என்றார். ஏன் என்று கேட்கிற தைரியம் யாருக்கு இருக்கிறது? அவருடைய டிரைவரும் பின்னாலேயே வந்து வாசல் ஓரமாக உட்கார்ந்துகொண்டார்.

சோதனைப் பிரிவுத் தலைவர் அந்தச் சமயம் ஓய்வு பெற்றிருந்தார். அந்த இடம் தனக்குத்தான் என்று தர ஆய்வாளர் பல வருடமாக நினைத்துக்கொண்டிருந்தார். ஆனால் ஆளைப் போடுவது மேலாளர். அவருக்குப் பிடிக்காவிட்டால் போகவேண்டிய இடமும் தயாராக இருந்தது: ஊர்க் கோடியில் ஒரு டிப்போ, அங்கே உடைந்து திரும்பி வருகிற நாற்காலிகளை எண்ணுகிற வேலை. இப்படித் தன் பிழைப்பை மேலாளர் கையிலும் மேலாளருடைய வீரனின் உயிரைத் தன் கையிலும் வைத்துக்கொண்டு எந்த மனுஷனால் ஒழுங்காகப் பகடை உருட்டமுடியும்?

அட்டைக்குப் பின்னால் உருட்டினார். இருபது விழுந்தது. பூதத்துக்கு அதைவிடப் பெரிய எண் கிடையாது, மேலாளர் தலை கழுத்தோடு போயிருக்கவேண்டும். தர ஆய்வாளர் பகடையைச் சட்டென்று உள்ளங்கையால் மூடினார்.

"பூதம் இப்பதான் சாப்பிட்டு முடிச்சிருக்கு சார். ஒரு ஏப்பம் விடுது. நீங்க அப்படியே வெளியில வந்து விழுறீங்க."

"ஒண்ணும் ஆகலையா?"

"ஒரு கீறல்கூட இல்ல சார்!"

மேலாளரின் முகம் சுருங்கிப்போனது. "என்னய்யா பூதம் இது! சுத்த மோசம்" என்று எழுந்து போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் புலம்பினார். "பூதம் மோசம்னு சொல்லிட்டாரு."

"மோசம்னா?"

"ரொம்பக் கொடூரமா இருக்குன்னு அர்த்தம்."

"அப்படின்னு அவரு சொன்னாரா, நீங்களா சொல்றீங்களா?"

"பெரிய பதவியில இருக்கறவங்க எல்லாத்தையும் வாய்விட்டா சொல்லுவாங்க? நாமதான் குறிப்பறிஞ்சு நடந்துக்கணும்."

அடுத்த வாரம் பெரிய பூதத்தைத் தூக்கிவிட்டு, அரை நிலைகூடப் பெறாத ஆறு குட்டிப் பூதங்களை இறக்கினார். நோஞ்சான்கள், ஊதினால் விழுந்துவிடும். ஆட்டம் தொடங்கிய பிறகுதான் தன் மடத்தனம் அவருக்கு உறைத்தது. பெரிய பூதம் ஒன்றுதான் என்றால் மூன்று வீரர்களும் சேர்ந்து சாத்தலாம்; அது திருப்பி ஒருவரைத்தான் அடிக்கும். குட்டிகள் ஆறும் ஒரே ஆளைச் சுற்றிக்கொண்டால் ஆறு அடியும் அவன் மேல்தான். புத்தகம் படித்த முதல் வாரமே தெரிந்துகொள்ளவேண்டிய விஷயம் இது.

"நான் நடுவுல போய் நிக்கறேன்" என்றார் மேலாளர்.

"சார், சுத்தி வளைச்சுக்கும்!"

"வளைக்கட்டுமே."

மேலாளர்களின் வீரமே தனி ரகம். எந்தக் குகை என்று தெரியாமல் முதல் ஆளாக உள்ளே போவார்கள். வெளியே வர வழி கண்டுபிடிப்பது கீழே இருக்கிறவன் தலையெழுத்து. தர ஆய்வாளர் ஆறு முறை உருட்டினார். எல்லாமே சரியான அடிகள்.

"குட்டிங்க ஆறும் உங்களைச் சுத்தி நின்னு கும்மி அடிக்குது சார்" என்றார்.

"கும்மியா?"

"உங்களைப் பார்த்ததும் அதுங்களுக்கு ஒரே குஷி."

விற்பனைக்காரர் இருமலுக்குள் சிரிப்பை ஒளித்தார். மேலாளர் பேனாவை மேஜையில் எறிந்தார். "இந்தப் பூதத்தையெல்லாம் மொதல்ல சரி பண்ணுய்யா!"

சரி பண்ணினார். அந்த வாரம் முழுக்க, நாற்காலி ஒன்றைக்கூட உடைத்துப் பார்க்காமல், ஒரு கிழட்டுப் பூதத்தைச் செதுக்கினார். பல்லைப் பிடுங்கினார். நகத்தை வெட்டினார். ஒரு கண்ணில் புரை, இடது காலில் நொண்டல்.

"அப்படியே மூட்டுவலியும் குடுத்திடுங்க, பாவம். எதுக்கு அதுக்கு மட்டும் குறை வைக்கணும்?" என்றாள் மனைவி. அவர் அதையும் சேர்த்துக்கொண்டார்.

மேலாளர் அந்தப் பூதத்தைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார். பிறகு, "கவசத்தைக் கழட்டறேன்" என்றார்.

"ஏன் சார்?"

"புழுக்கமா இருக்கு. கத்தியைக் கிணத்துல போடறேன். இப்ப போய் அதைக் கட்டிப் பிடிக்கறேன்."

இடுப்பை நொறுக்கிவிடும்! மூட்டுவலி இருந்தாலும் பூதம் பூதம்தானே? தர ஆய்வாளருக்கு வியர்த்துக் கொட்டியது. "சார், இதுவரைக்கும் யாருமே அதுகிட்ட அன்பா இருந்ததில்ல. அது உங்க தோள்ல சாஞ்சு தேம்பித் தேம்பி அழுது."

"அழுதா?"

"ஆமா சார். உங்களை 'அப்பா'ன்னு கூப்பிடுது."

மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இதெல்லாம் எப்பதான்யா முடியும்?"

நாலாவது சனிக்கிழமை பூதமே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார் தர ஆய்வாளர். ஒரு காலிக் கிடங்கு. ஓரமாக எண்ணெய்ப் பீப்பாய்கள், அவ்வளவுதான். நாற்காலிக் கம்பெனிக்காரருக்கு அதைவிடப் பத்திரமான இடம் தோன்றவில்லை. மேலாளர் நேரே போய் ஒரு பீப்பாய் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

காசாளரம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. மேலாளர் வந்த நாள் முதல் அவர் ஓர் அம்புகூட விட்டதில்லை. "ஒண்ணுமே இல்லாத ஊர்ல எதுக்கு வில்லு? நான் தீ அம்பு விடறேன். எங்கயாவது போய் விழட்டும்" என்று பகடையை மேஜை நடுவில் உருட்டிவிட்டார்.

அம்பு மேலாளர் உட்கார்ந்திருந்த பீப்பாயில் போய்ப் பாய்ந்தது. எல்லாரும் பார்த்துவிட்டார்கள். மூடுவதற்கு எந்த உள்ளங்கையும் போதாது.

"வெடிச்சிருச்சா?" என்றார் மேலாளர்.

"வெடிச்சிருச்சு சார்."

"நான்?"

"நீங்க... இல்ல சார்."

மேலாளர் மெல்ல எழுந்து, காசாளரம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "ரொம்ப நன்றிம்மா. உங்களை மறக்கவே மாட்டேன்."

காசாளரம்மா கைகளை உருவிக்கொண்டார். "தெரியாம பட்டுடுச்சு சார்! சத்தியமா!"

"வண்டியை எடுப்பா" என்று டிரைவரைப் பார்த்துக் குரல் கொடுத்தார் மேலாளர். தர ஆய்வாளர் நாற்காலியைத் தள்ளிவிட்டு, குறுக்கே போய் நின்றார்.

"சார், ஒரு நிமிஷம்! வானம் பிளக்குது! ஒரு தேவதை இறங்கி வருது!"

"வேண்டாம்யா. செத்தவன் செத்தவனாவே இருக்கட்டும். ஆட்டத்துல ஒரு நியாயம் வேணும்."

என்ன பெருந்தன்மை! தர ஆய்வாளருக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்களுக்கு இல்லாத நியாயமா சார்? தேவதை உங்களை எழுப்பி உட்கார வச்சிருச்சு. அதோட விடல, சாகா வரமும் குடுத்திருச்சு! இனிமே எந்தப் பூதமும் எந்தத் தீயும் உங்களை ஒண்ணும் பண்ணாது. ஆட்டம் எத்தனை வருஷம் நடந்தாலும் நீங்க இருப்பீங்க!"

"எத்தனை வருஷம் நடந்தாலுமா?"

"கவலையே படாதீங்க சார். பத்து வருஷத்துக்குக் கதை கைவசம் இருக்கு."

மேலாளர் தொப்பென்று உட்கார்ந்தார். உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று தர ஆய்வாளர் எடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை உத்தரவு வந்தது. சோதனைப் பிரிவுக்குத் தலைவர் காசாளரம்மா. நாற்காலியைப் பற்றி, அதில் உட்காருவதைத் தவிர வேறெதுவும் அறியாதவர் அவர். தர ஆய்வாளருக்கு டிப்போ.

சாமான்களோடு அவரைக் கொண்டுபோய் விடும் வேலை டிரைவருக்கு வந்தது. காரில் ஏறியதும் தர ஆய்வாளர் குமுறித் தீர்த்துவிட்டார். "கொன்னவங்களுக்குப் பதவி, காப்பாத்தினவனுக்கு டிப்போ! ஒரு மனுஷன் மேல ஒரு கீறல்கூட விழாம பொத்திப் பொத்திப் பாத்துக்கிட்டேனே, அது குத்தமா?"

டிரைவர் கண்ணாடி வழியாக அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"பின்ன என்ன சார்? 'எதை ஆரம்பிச்சாலும் பாதியில விட்டுட்டு வந்து நிக்கறீங்க, போய் இந்த ஆட்டத்துல சேர்ந்து, இதையாவது உங்க ஆள் சாகற வரைக்கும் ஆடணும்'னு ஐயாவோட சம்சாரம் கண்டிப்பா சொல்லி, காவலுக்கு என்னையும் கூட அனுப்பிட்டாங்க. ஐயா வாராவாரம் சாகறதுக்குத்தானே சார் வந்தாரு!"