கத்திரி வெயிலில் நடுங்கிய கல்யாணம்

மணமேடையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குத் தலை குனியத் தெரிந்தால் போதும், வேறு எந்தப் படிப்பும் உதவாது. இன்ஜினியரிங் படித்த நான் அதை என் கல்யாணத்தன்றுதான் தெரிந்துகொண்டேன்.

வேங்கிக்காலில் புதிதாகக் கட்டிய மண்டபம் ஒன்றுக்கு ஏசி அமைத்த கம்பெனியில்தான் அப்போது எனக்கு வேலை. தூணுக்குத் தூண் வெள்ளை டப்பா போல சென்சார்கள் மாட்டினோம். அவை சூட்டை அளந்து ஆபீஸ் அறைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டர் அதற்கேற்ப ஏசியைக் கூட்டும், குறைக்கும். எந்த டப்பா ஜாஸ்தி சூடு என்கிறதோ அதன் பேச்சைத்தான் கேட்க வேண்டும் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். (ஒரு மூலையில்கூட யாருக்கும் வேர்க்கக் கூடாது என்ற நல்லெண்ணம்.) பாஸ்வேர்டும் எனக்கு மட்டுமே தெரியும். அந்தப் பெருமையில் என் கல்யாணத்தையும் அங்கேயே வைக்கச் சொன்னேன்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து வேனில் வேர்த்து விறுவிறுத்து வந்த மாப்பிள்ளை வீட்டார், உள்ளே நுழைந்ததும் சொக்கிப்போனார்கள். என் வருங்கால மாமியார், முன்பின் தெரியாதவர்களிடம்கூட "எல்லாம் எங்க மருமக போட்டது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஐயர் ஓமம் வளர்த்தார். ஓமகுண்டத்தை ஒட்டிய தூணில் ஒரு டப்பா. (கல்யாண மண்டபத்தில் நெருப்பு மூட்டுவார்கள் என்பது மட்டும் என் கணக்கில் வரவில்லை.) அது பதறிப்போய்ப் புகார் செய்ய, ஏசி உறுமியது. பெண்கள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். ஐயருக்கும் குளிர் தாங்கவில்லை போலிருக்கிறது, நெய்யைத் தாராளமாக ஊற்றினார். தீ எழும்பியது, டப்பா இன்னும் அலறியது, குளிர் இன்னும் ஏறியது. ஐயர் மறுபடி நெய் ஊற்றினார்.

என் மாமனாரின் அண்ணன், பெரிய மாமா, பல் தந்தியடிக்க எழுந்தார். அந்தக் குடும்பத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். சென்னையில் வேலை பார்க்கிற பெண் வேண்டாம் என்று முதலில் சொன்னவரும் அவர்தான்.

"சகுனமே சரியில்ல. வெளிய பந்தல் போட்டுக் கட்டிக்கலாம், எழுந்திருங்க" என்றார்.

பந்தல் போடுவதற்குள் முகூர்த்தம் போய்விடும். அடுத்த முகூர்த்தம் பார்ப்பதற்குள் இந்தச் சம்பந்தமே போய்விடும். மணையை விட்டு எழுந்து ஆபீஸ் அறைக் கம்ப்யூட்டரிடம் போகவும் என்னால் முடியாது. பின்னால் நின்ற மாமியாரைக் குனியச் சொல்லிக் காதில் சொன்னேன்.

"அத்தை, தூண்ல இருக்கிற டப்பாவுக்கு நெருப்பு சுடுது. ஈரத்துணி சுத்துனா சரியாயிடும்."

ஏன் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. வாழ வந்த நாளிலிருந்து பெரிய மாமா எதிரில் உட்கார்ந்துகூடப் பழகாதவர், நேராகப் போய் அவர் முன்னால் கையை நீட்டினார்.

"மாமா, துண்டைக் குடுங்க."

"எதுக்கு?"

"மருமக கேக்குறா."

வாங்கிய துண்டைச் செம்புத் தண்ணீரில் நனைத்து, பட்டுப்புடவையோடு நாற்காலியில் ஏறி டப்பாவுக்குச் சுற்றிவிட்டார். கொஞ்ச நேரத்தில் உறுமல் அடங்கியது. துண்டு போன பெரிய மாமா நடுங்கிக்கொண்டே அட்சதை போட, தாலி ஏறியது. கேட்ட மாத்திரத்தில் என்னை நம்பிய அந்த மனுஷியை நினைத்தால் எனக்கு இன்றும் கண் கலங்கும். (தாலி கட்டியவரை அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தேன்.)

டப்பாவை மறுவாரமே இடம் மாற்றிவிட்டோம். வீட்டுப் பேச்சைத்தான் மாற்ற முடியவில்லை. போன மாதம் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம், ஏசியே இல்லாத மண்டபம். ஐயர் சமித்தை அடுக்கத் தொடங்கியதும், பெரிய மாமா தோளிலிருந்த துண்டை எடுத்து, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் மாமியாரிடம் நீட்டினார்.

"எதுக்கும் இருக்கட்டும்மா. மருமக கேட்டாலும் கேப்பா."